கல்விக்கடன், உதவித்தொகை: வீட்டுக் கணினியில் விண்ணப்பிப்பது எப்படி?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் கிழக்குத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி என்று எங்கள் பகுதியில் உள்ள பிரவுசிங் சென்டர்கள் எல்லாம் நிரம்பிவிடும். விண்ணப்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு நிரப்பித் தருவார்கள். பணம் போவதுகூடப் பெரிதல்ல. அவசரத்தில் கடைக்காரர் தன் மொபைல் எண்ணையே கொடுத்துவிடுகிறார். பாஸ்வேர்டும் அவரிடமே தங்கிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து "உங்கள் விண்ணப்பத்தில் குறை உள்ளது" என்று வரும் எஸ்எம்எஸ் அவருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது.

வீட்டில் ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் இந்த வேலைகள் அனைத்தையும் நீங்களே செய்து விடலாம். நான் 2016 ஆம் ஆண்டில் பொறியியல் சேர்ந்தபோது முதல் பட்டதாரி சலுகையும் கல்விக்கடனும் பெற்றுத்தான் படித்தேன். இப்போது சாப்ட்வேர் துறையில் இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் தெருவில் உள்ள மாணவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். அதில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. விண்ணப்பங்கள் பெரும்பாலும் இணைய தளத்தில் தோற்பதில்லை. அதைத் திறப்பதற்கு முன்பே, பொருந்தாத சான்றிதழ்களால் தோற்று விடுகின்றன. எனவே இந்தப் பாடத்தில் சான்றிதழ்களிலிருந்து தொடங்கி, பிறகு இணைய தளங்களுக்குச் செல்வோம்.

எதை முதலில் கேட்பது?

பலர் நேராக வங்கிக்குச் சென்று விடுகிறார்கள். சரியான வரிசை இதுதான்: முதலில் கட்டணச் சலுகை, அடுத்து உதவித்தொகை, மீதித் தொகைக்கு மட்டும் கடன். சலுகையும் உதவித்தொகையும் திருப்பித் தர வேண்டாதவை. கடன் வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டியது.

தமிழ்நாட்டு மாணவர்கள் கவனிக்க வேண்டிய சில திட்டங்கள்:

1. முதல் பட்டதாரி சலுகை. 2010 ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வி சேர்பவர்களுக்கு உரியது. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு ரூ.25,000 கல்விக் கட்டணம் குறையும். நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய். பெற்றோர், உடன் பிறந்தவர்கள் மட்டுமல்ல, தாத்தா பாட்டிகளில் ஒருவர் பட்டதாரியாக இருந்தாலும் கிடைக்காது.

2. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு. பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விக்கு 2021 ஆம் ஆண்டில் வந்தது. இதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசு ஏற்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

3. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 என்று இவை அறிவிக்கப்பட்டன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

4. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

5. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை. பிளஸ் டூவில் தங்கள் பிரிவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்த, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் உள்ள மாணவர்களுக்கு இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு ரூ.12,000. பி.எஸ்சி., பி.காம். போன்ற படிப்பில் சேர்பவர்கள் இதைத் தவற விடாதீர்கள்.

6. ஏஐசிடிஇ அமைப்பின் பிரகதி. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு ரூ.50,000. குடும்ப வருமான வரம்பு ரூ.8 லட்சம். மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கு சக்ஷம் என்ற திட்டம் உள்ளது.

பெயரும் இனிஷியலும்

நம் ஊர் மாணவர்களுக்கு மிகப் பெரிய தலைவலி இனிஷியல்தான். மதிப்பெண் சான்றிதழில் "கார்த்திக் எஸ்". ஆதாரில் "எஸ் கார்த்திக்". வங்கிக் கணக்கில் "கார்த்திக் சுந்தரம்". நமக்கு மூவரும் ஒரே பையன். கணினிக்கு மூன்று பேர். இரண்டு எழுத்து வரிசைகளை ஒப்பிடும்போது ஒரு புள்ளி, ஓர் இடைவெளி மாறினாலும் "பொருந்தவில்லை" என்றே அது சொல்லும்.

இதற்கு வழி: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக் கொள்ளுங்கள். ஏனெனில் அதை மாற்றுவதுதான் கடினம். அதற்கேற்ப ஆதாரைத் திருத்துங்கள். பிறகு வங்கிக் கணக்கு, பான் கார்டு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். பிறந்த தேதியை ஒரு முறைதான். ஆகவே எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இரண்டு பேர் சரிபார்த்த பிறகு ஆதார் மையத்துக்குச் செல்லுங்கள்.

விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தால், சான்றிதழில் பெயருக்குப் பின்னால் உள்ள இனிஷியலைக் கடைசிப் பெயர் கட்டத்தில் இடுங்கள். நீங்களாகவே அப்பா பெயரை விரித்து எழுத வேண்டாம்.

உங்கள் மாவட்டம் எது?

சிரிக்க வேண்டாம். தாம்பரத்துக்காரர்களுக்கு இது உண்மையான சந்தேகம். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் பகுதிகள் 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. பிறகு செங்கல்பட்டு மாவட்டம் ஆனது. ஆலந்தூரும் சோழிங்கநல்லூரும் 2018 ஆம் ஆண்டிலேயே சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டன. ஆனால் பழைய ஆதார் அட்டைகளில் இன்னும் காஞ்சிபுரம் என்றே இருக்கும். அதைப் பார்த்து மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த பட்டியலில் தாம்பரம் வட்டமே வராது. தபால் முகவரியில் "சென்னை" என்று எழுதுவதால் சென்னை மாவட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. வீட்டு முகவரி எந்த வட்டத்தில் வருகிறது என்று பார்த்து, அதன் இன்றைய மாவட்டத்தைக் கொடுங்கள். முடிந்தால் ஆதார் முகவரியையும் புதுப்பித்து விடுங்கள்.

சான்றிதழ்கள் பெறுவது

வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தமிழக அரசின் இ-சேவை இணைய தளத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். இ-சேவை மையத்திலும் பெறலாம்.

முதலில் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். அடுத்துக் கேன் எண் கேட்கும். அது குடிமக்களுக்கான பதிவு எண். இல்லாதவர்கள் அங்கேயே ஆதார் விவரம் கொடுத்துப் பெறலாம். இந்த எண்ணில் பதிவாகும் பெயரும் முகவரியும்தான் சான்றிதழில் அச்சாகும். அதனால் இங்கே நிதானமாகத் தட்டச்சு செய்யுங்கள். பிறகு வருவாய்த் துறையைத் தேர்ந்தெடுத்து, தேவையான சேவையைக் கிளிக் செய்யுங்கள். வருமானச் சான்றிதழின் எண் ஆர்இவி-103. முதல் பட்டதாரி சான்றிதழ் ஆர்இவி-104.

வருமானச் சான்றிதழ் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். ஆகவே கலந்தாய்வு தொடங்கும் வரை காத்திராமல், அதே சமயம் மிகவும் முன்கூட்டியும் எடுக்காமல், தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள்.

ஸ்கேன் செய்து பைலைச் சிறிதாக்குவது

உங்கள் கணினியில் டாக்குமென்ட்ஸ் போல்டருக்குள் "கல்லூரி" என்ற பெயரில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். எல்லா பைல்களையும் இதிலேயே சேமியுங்கள். "ஸ்கேன்001" என்று விட்டுவிடாமல் "வருமானம்", "ஆதார்", "மதிப்பெண்12" என்று பெயரிடுங்கள். ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.

ஸ்கேனர் இருந்தால் 150 அல்லது 200 டிபிஐ போதும். 600 வைத்தால் பைல் பல எம்பிக்கு வீங்கி விடும். ஸ்கேனர் இல்லாதவர்கள் மொபைல் போனில் உள்ள கூகுள் டிரைவின் ஸ்கேன் வசதியைப் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு தளமும் பைல் எத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லும். புகைப்படம் அதைவிடப் பெரியதாக இருந்தால் பெயின்ட் புரோகிராமில் திறந்து, ரீசைஸ் கட்டளையைக் கிளிக் செய்து, சதவீதம் என்ற இடத்தில் 50 கொடுங்கள். நீளமும் அகலமும் பாதியாவதால் படத்தின் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகும். சேவ் ஆஸ் மூலம் வேறு பெயரில் ஜேபெக் பைலாகச் சேமியுங்கள். அசல் பைல் அப்படியே இருக்கட்டும்.

டவுன்லோடு செய்த ஆதார் பிடிஎப் பைலுக்குப் பாஸ்வேர்டு இருக்கும். ஆதாரில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அது. அப்படியே அப்லோடு செய்தால் சரிபார்க்கும் அதிகாரியால் திறக்க முடியாது. பைலைத் திறந்து, பிரிண்ட் கட்டளை கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் "மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு இல்லாத புதிய பைல் கிடைக்கும்.

நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்

மத்திய அரசின் உதவித்தொகைகளுக்கு ஒரே வாசல் இந்தத் தளம். முகவரி: ஸ்காலர்ஷிப்ஸ் டாட் கவ் டாட் இன். 2024-25 கல்வி ஆண்டிலிருந்து ஒரு முறைப் பதிவு கட்டாயம் ஆனது. ஆதார் விவரம் தந்து பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். இதற்கு முகத்தைக் காட்டி உறுதி செய்யும் ஆப்ஸ் தேவைப்படும். ஆண்ட்ராய்டு போனைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். இந்த எண் படிப்புக் காலம் முழுவதும் உங்களுடையது. எழுதி வையுங்கள்.

பதிவு முடிந்ததும் லாகின் செய்து திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, விவரங்களை நிரப்பிச் சப்மிட் செய்ய வேண்டும். இத்துடன் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உங்கள் கல்லூரியில் உள்ள பொறுப்பு அலுவலர் அதைக் கணினியில் சரிபார்த்து அனுப்பினால்தான் அடுத்த நிலைக்குச் செல்லும். எனவே விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து, சான்றிதழ் நகல்களுடன் கல்லூரி அலுவலகத்தில் கொடுங்கள். வாரம் ஒரு முறை லாகின் செய்து நிலையைப் பாருங்கள். குறை என்று திருப்பி அனுப்பியிருந்தால் கெடு முடிவதற்குள் திருத்த வேண்டும். அடுத்த ஆண்டு புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

பணம் எந்தக் கணக்குக்கு வரும்? நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணுக்குத்தான் வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியுடன் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக இணைக்கப்பட்டதோ, அங்கேதான் போகும். சேலையூரில் எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு உதவித்தொகை "செலுத்தப்பட்டது" என்று தளம் காட்டியது. கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. பள்ளியில் படித்தபோது முகாம் ஒன்றில் தொடங்கிய பழைய கணக்கில் அது பத்திரமாகக் கிடந்தது. அவள் அம்மா அதற்குள் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்துவிட்டார். ஆதார் இணைய தளத்தில் லாகின் செய்து, வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியைக் கிளிக் செய்தால் எந்த வங்கி என்று காட்டும். இரண்டு நிமிட வேலை. விண்ணப்பிக்கும் முன்பே பார்த்து விடுங்கள்.

கல்விக்கடன்

2015 ஆகஸ்டில் தொடங்கிய வித்யாலட்சுமி தளத்தில் ஒரே படிவத்தில் மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அப்போது பெரிய வசதி. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம் வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கெனத் தனி இணைய தளம் உள்ளது. தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருவது இதன் நோக்கம். தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் பட்டியலில் இருந்தன. பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் மாறும். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று தளத்திலேயே தேடிப் பாருங்கள். இல்லையென்றாலும் கவலை வேண்டாம். வங்கிகளின் வழக்கமான கல்விக்கடன் திட்டம் இருக்கவே செய்கிறது.

வழக்கமான திட்டத்தில் தெரிந்து கொள்ள வேண்டியவை:

* ரூ.7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி உண்டு. சொத்துப் பத்திரமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும்.
* ரூ.4 லட்சம் வரை உங்கள் பங்காக எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல், இந்தியாவில் படிப்பதற்கு 5 சதவீதம்.
* படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டலாம்.
* கல்லூரி, விடுதிக் கட்டணம் மட்டுமின்றி, படிப்புக்குத் தேவையானால் கணினி வாங்கும் செலவையும் சேர்த்துக் கேட்கலாம்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: மதிப்பெண் சான்றிதழ்கள், கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியின் போனபைட் சான்றிதழ், நான்கு ஆண்டுக்குமான கட்டண விவரம், மாணவர் மற்றும் பெற்றோரின் ஆதார், பான் கார்டு, வருமானச் சான்றிதழ்.

வட்டி மானியம்: எக்செல்லில் ஒரு கணக்கு

இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இதுதான். 2009-10 முதல் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் உள்ளது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில், தொழில்நுட்பப் படிப்பு படித்தால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓர் ஆண்டுக்குமான வட்டியை அரசே கட்டி விடும். பிஎம் வித்யாலட்சுமியில், ரூ.8 லட்சம் வரை வருமானம் உள்ள, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை.

இதன் மதிப்பு என்ன? எக்செல்லைத் திறங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் சரி. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள் கடன் பெறுகிறீர்கள், தனி வட்டி 10 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். முதல் நெடுவரிசையில் தொகை, இரண்டாவதில் எத்தனை ஆண்டுக்கு வட்டி, மூன்றாவதில் இரண்டையும் பெருக்கி 10 சதவீதம்.

முதல் ஆண்டு: 1,00,000 - 5 ஆண்டுகள் - வட்டி 50,000
இரண்டாம் ஆண்டு: 1,00,000 - 4 ஆண்டுகள் - வட்டி 40,000
மூன்றாம் ஆண்டு: 1,00,000 - 3 ஆண்டுகள் - வட்டி 30,000
நான்காம் ஆண்டு: 1,00,000 - 2 ஆண்டுகள் - வட்டி 20,000

ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்தால் வட்டி மட்டும் ரூ.1,40,000. மானியம் இல்லாவிட்டால் வேலைக்குச் சேரும்போது உங்கள் கடன் ரூ.5,40,000. மானியம் கிடைத்தால் ரூ.4,00,000.

இப்போது மாதத் தவணை. பார்முலா பாரின் பக்கத்தில் உள்ள எப்எக்ஸ் பட்டனைக் கிளிக் செய்து, பிஎம்டி என்ற பங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். ரேட் கட்டத்தில் 10%/12, என்பர் கட்டத்தில் 120, பிவி கட்டத்தில் -540000 என்று கொடுங்கள். பத்து ஆண்டுகளுக்கு மாதம் ரூ.7,136 என்று வரும். பிவி கட்டத்தில் -400000 கொடுத்தால் ரூ.5,286. மாதம் ரூ.1,850 வித்தியாசம். 120 மாதங்களுக்குச் சுமார் ரூ.2,22,000! முதல் வேலையில் இருக்கும் பிள்ளைக்கு இது சிறிய தொகை அல்ல.

ஆனால் இந்த மானியம் தானாக வராது. தகுதி இருந்தும் வருமானச் சான்றிதழ் கொடுக்காததால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். கடன் விண்ணப்பத்துடனேயே தாசில்தார் அலுவலகச் சான்றிதழை இணைத்து, "வட்டி மானியம் கோருகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்கி, மானியம் வரவு வைக்கப்பட்டதா என்று பாருங்கள். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வங்கி மறுத்தால்?

நான் கடன் கேட்டுச் சென்ற முதல் கிளையில், "உங்கள் வீடு எங்கள் ஏரியாவில் வராது" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காரணத்துக்காகக் கல்விக்கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று 2012 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்துச் சென்று, "மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள், சார்" என்று அப்பா பணிவாகக் கேட்டார். விண்ணப்பத்தை வாங்கிக் கொண்டார்கள்.

நீங்களும் எப்போதும் எழுத்திலேயே கேளுங்கள். தளத்தில் விண்ணப்பித்தால் தேதியுடன் பதிவாகி விடும் என்பதே அதன் பெரிய பலன். புகார் கொடுத்து 30 நாட்களில் வங்கியிடமிருந்து பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் இணையம் வழியாகவே இலவசமாக முறையிடலாம்.

எச்சரிக்கை

உதவித்தொகைப் போர்ட்டலில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. "ஸ்காலர்ஷிப் வந்துள்ளது, ரூ.500 கட்டுங்கள்" என்று வரும் அழைப்பு மோசடி. ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். தேடல் முடிவில் முதலில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்யாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். உதவித்தொகைத் தளத்தின் முகவரி "கவ் டாட் இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள். வருமான வரம்பும் கடைசித் தேதியும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் உள்ள அறிவிப்பை ஒரு முறை படித்து விடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கணினியின் முன் உட்கார்ந்து மூன்று வேலைகளை முடியுங்கள்: ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிடுங்கள். வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். "கல்லூரி" போல்டரை உருவாக்குங்கள். மற்றவை எளிதாகி விடும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வாழ்த்துகள்!